வட்டவளைக்கு எந்த பெட்டரி, பண்டாரவளைக்கு எந்த பெட்டரி?

ஒரே மாதிரி இரண்டு வானிலைப் பெட்டிகள் செய்தேன். ஒன்று மலைநாட்டின் மேற்குப் பக்கம் வட்டவளையில் எங்கள் வீட்டுக் கூரையில் இருக்கிறது, மற்றது கிழக்கே ஊவாப் பக்கம் பண்டாரவளையில் மாமா வீட்டு முற்றத்தில். உள்ளே இருப்பவை எல்லாம் ஒன்றுதான்: வைஃபையோடு வரும் ஈ.எஸ்.பி.32 என்ற குட்டிக் கணினி போர்டு, வெப்பமும் ஈரப்பதமும் அளக்க ஒரு பி.எம்.ஈ.280, மழை அளக்க, நிரம்ப நிரம்பக் கவிழும் சிறு வாளி, ஒரு 18650 லித்தியம் பெட்டரி, டி.பி.4056 சார்ஜர், 6 வோல்ட் 1 வாட் சோலார் பேனல். மாமாவுடையது வைத்த நாளிலிருந்து ஒரு நாளும் நின்றதில்லை. என்னுடையது ஒவ்வொரு ஜூன் நடுவிலும் படுத்துவிடும். "மருமகனே, நல்லதை எனக்குத் தந்துட்டு கெட்டதை நீ வச்சுக்கிட்டியா?" என்று மாமா சிரிப்பார்.

ரயிலில் பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மே மாதம் தென்மேல் பருவக்காற்று தொடங்கினால் வட்டவளை, கினிகத்தேனை, மஸ்கெலியா, நோர்வூட் பக்கமெல்லாம் செப்டெம்பர் வரை வானம் தெரியாது. வட்டவளைக்கு வருடத்தில் 5,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை. அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரத்தைத் தொலைத்துவிட்டு கச்சான் என்கிற வறண்ட காற்றாகக் காய்கிறது. நாங்கள் அடுப்புக்கு மேல் துணி காயப்போடும் மாதத்தில் மாமா வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். ஆகவே "எந்த பெட்டரி நல்லது" என்ற கேள்விக்கு மலைநாடு முழுவதற்கும் ஒரு பதில் கிடையாது.

பெட்டி நின்றால் என்ன, விளையாட்டுச் சாமான்தானே என்று வீட்டில் கேட்பார்கள். அம்மா இன்னமும் கீழ் லயத்தில்தான் இருக்கிறார். லயத்துக்குப் பின்னால் நேர் மேடு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் மண்சரிவுக்கான முதற்கட்ட எச்சரிக்கை. 100, 150 என்று ஏற ஏறக் கட்டமும் ஏறும். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தை மண்சரிவுக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இந்தக் கணக்கை யாரும் இலேசாக எடுப்பதில்லை. எண்ணிக்கை தேவைப்படுகிற நாளில்தான் என் பெட்டி கண்ணை மூடுகிறது. இதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெட்டேன்.

முதலில் செய்த மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பெட்டரி சின்னது, அதனால்தான் நிற்கிறது என்று நானே முடிவுகட்டி, யூ.பி.எஸ்.ஸுக்குப் போடும் 12 வோல்ட் 7 அம்பியர் மணி ஈய அமில பெட்டரி ஒன்றை வாங்கினேன். அதற்கு 6 வோல்ட் பேனல் போதாது, 10 வாட் பேனல் ஒன்று. இரண்டு கிலோவுக்கு மேல் கனம் என்பதால் தாங்க ஒரு இரும்புச் சட்டம். 12 வோல்ட்டை 5 ஆக்க ஒரு 7805 ரெகுலேட்டர், அது மிச்ச வோல்ட்டைச் சூடாக்கி வீணடிப்பதோடு, சும்மா இருக்கும்போதே 5 மில்லி அம்பியர் அளவில் குடிக்கும். அந்த ஜூனைத் தாண்டியது, சந்தோஷம். ஆனால் ஈய அமில பெட்டரி அரை வயிற்றோடு வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேற்று படிந்து இறுகிவிடும். எங்கள் பருவமழை அதைத்தான் செய்தது. அடுத்த வருடம் முழு வெயிலில் இரண்டு நாள் வைத்தாலும் மாலைக்குள் 12 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டது. வெயில் ஒழுங்காகக் கிடைக்கும் இடத்தில், ஒவ்வொரு நாளும் நிரம்புகிற பெட்டரிக்கு இந்த வகை சரி. நாலு மாதம் பனிமூட்டத்தில் இருக்கிற ஊருக்கு வேண்டவே வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தேன். அதை முதலிலேயே எடுத்திருக்க வேண்டும்.

பெட்டரி வோல்ட்டை எப்போது பார்க்கிறோம் என்பது முக்கியம். மத்தியானம் பார்த்தால் பேனல் ஊட்டிக்கொண்டிருக்கும், எல்லாம் நன்றாகவே தெரியும். விடியுமுன், ஐந்தரை மணிக்குப் பாருங்கள். இரவு முழுக்கச் செலவழிந்தபின் மிஞ்சியது அதுதான். தூக்கம் கெட வேண்டியதில்லை. வெப்பம், மழையோடு பெட்டரி வோல்ட்டையும் ஓர் அளவாக அனுப்பச் சொல்லிப் பெட்டிக்கே எழுதிவிடலாம், இரண்டு ரெசிஸ்டர் போதும். ஒரு வாரத்து விடியற்கால எண்களை வரிசையாக வைத்தால் நோய் தெரியும். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது என்றால் வரவைவிடச் செலவு கூட. ஒவ்வொரு இரவும் தடாலென்று விழுந்து, காலையில் வெயில் பட்டதும் தடாலென்று ஏறுகிறது என்றால் பெட்டரிக்கு வயதாகிவிட்டது, கொள்ளளவு போய்விட்டது. வோல்ட் நன்றாக இருக்கிறது, ஆனால் பெட்டி அடிக்கடி தானாக மறுபடி தொடங்குகிறது என்றால் பெட்டரியைத் தொடாதீர்கள். ஸ்பிரிங்கில் பச்சை பூத்திருக்கும், அல்லது வயர் மெல்லியதாக இருக்கும். வைஃபை அனுப்பும் நொடியில் 300, 400 மில்லி அம்பியர் இழுக்கும்போது வோல்ட் சரிந்துவிடுகிறது. ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு 1000 மைக்ரோபாரட் கபாசிட்டரை போர்டுக்குப் பக்கத்தில் போட்டால் அநேகமாகச் சரியாகும். பேனலில் பாசி பிடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஆறு மாதம் சும்மா நிற்கும் எதிலும் பாசி பிடிக்கும்.

என்னுடையது முதல் வகை. வரவையும் செலவையும் அளந்தேன். ஜூன் மூட்டத்தில் பேனல் தந்தது சராசரியாக 15 மில்லி அம்பியர். நல்ல வெயிலில் தருவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எட்டு மணி நேரம் என்று வைத்தால் நாளுக்கு 120 மில்லி அம்பியர் மணி. செலவு? பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழும்பி ஆறு நொடி வேலை செய்கிறது, 100 மில்லி அம்பியர் குடிக்கிறது. நாளுக்கு 24 தான் வருகிறது. மிச்ச நேரமெல்லாம் தூக்கம். ஈ.எஸ்.பி.32 தூங்கும்போது 10 மைக்ரோ அம்பியர்தான் எடுக்கும் என்று போட்டிருப்பார்கள், பொய்யில்லை. ஆனால் அது சிப்புக்கு. போர்டில் ஒரு சிவப்பு விளக்கு, யூ.எஸ்.பி. சிப், ஓர் ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் எல்லாம் விழித்தே இருக்கின்றன. என் போர்டு தூக்கத்தில் எடுத்தது 10 மில்லி அம்பியர், அதாவது ஆயிரம் மடங்கு. நாளுக்கு 240. மொத்தச் செலவு 264, வரவு 120. குறைவது 144. பெட்டரியில் பயன்படக்கூடிய 2,000 மில்லி அம்பியர் மணி பதினாலு நாளில் முடியும். மே கடைசியில் மழை பிடித்தால் ஜூன் நடுவில் சாகிறது. கணக்கைப் பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. குடிக்கிற ஆள் வீட்டுக்குள் இருக்க, சம்பளம் பற்றவில்லை என்று தோட்டத்தோடு சண்டை போட்டிருக்கிறேன்.

விளக்கைக் கழற்றி, ரெகுலேட்டருக்குப் பதில் எச்.டி.7833 போட்டு (அது தனக்கென்று எடுப்பது 4 மைக்ரோ அம்பியர் அளவு), யூ.எஸ்.பி. சிப் இல்லாத வெறும் தொகுதிக்கு மாறியதும் தூக்கச் செலவு 0.1 மில்லி அம்பியருக்கு வந்தது. நாளுக்கு 26. அதே பழைய பெட்டரி இனி வெயிலே இல்லாமல் இரண்டரை மாதம் தாங்கும். மூட்டத்தில் வரும் 120 அதற்குத் தாராளம்.

முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. அப்புறமும் இரண்டு தடவை நின்றது, இரண்டும் கரண்ட் போன இரவுக்கு அடுத்த நாள். சோலாரில் ஓடும் பெட்டிக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்? வீட்டு ரூட்டர் அணைந்துவிடுகிறது. பெட்டி எழும்பி வைஃபையைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, தேடிக்கொண்டே இருக்கிறது. 100 மில்லி அம்பியரில் பத்து மணி நேரம் தேடினால் 1,000, பெட்டரியில் பாதி. கடும் மழையில் இதோடு இன்னொன்றும் சேரும். வாளி 0.28 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை கவிழும். 100 மில்லிமீட்டர் மழைக்கு ஏறக்குறைய 360 தடவை. ஒவ்வொரு கவிழலுக்கும் எழும்பி ஆறு நொடி வைஃபைக்கு ஓடினால் அதுவே 60 மில்லி அம்பியர் மணி. வெயில் இல்லாத நாளில்தான் செலவும் கூடுகிறது. இப்போது கவிழும்போது எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிட்டுத் தூங்கச் சொல்லியிருக்கிறேன். வைஃபை பத்து நொடிக்குள் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த முறை சேர்த்து அனுப்பும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இவ்வளவும் செய்தபின்தான் பெட்டரியை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

18650 ஐ அப்படியே வைப்பது முதல் வழி. செலவு குறைந்த பெட்டிக்கு ஒன்று போதும், இரண்டை இணையாகப் போட்டால் நிம்மதி. வாங்கும்போது 9,900 மில்லி அம்பியர் மணி என்று அச்சடித்ததைத் தொடாதீர்கள். அந்த அளவுக் குழாய்க்குள் 4,000 சொச்சத்துக்கு மேல் அடைக்க முடியாது. எண் பெரிதாக இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பழைய லெப்டொப் பெட்டரியைப் பிரித்து எடுப்பது அதைவிட நல்லது, ஆனால் எல்லாம் ஒரே வயதானவையா என்று சோதித்துவிட்டு இணையுங்கள். நுவரெலியா, அம்பேவெல பள்ளங்களில் தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும் இடமென்றால் ஒரு எச்சரிக்கை: லித்தியம் பெட்டரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. பெட்டரியைக் கூரைக்கு உள்பக்கம் வைத்தால் போதும்.

லித்தியம் இரும்பு பொஸ்பேற்று இரண்டாவது. 3.2 வோல்ட், ஈ.எஸ்.பி.32 க்கு ஏறக்குறைய நேரடியாகவே பொருந்தும். ஆயிரக்கணக்கான தடவை நிரப்பிக் காலி செய்யலாம், சூட்டுக்கும் அவ்வளவு பயமில்லை. நானும் ஆசைப்பட்டு ஒன்று எடுத்தேன். ஆனால் அது 3.65 வோல்ட்டில் நிறுத்தும் சார்ஜரைக் கேட்கும், 4.2 வரை ஏற்றும் டி.பி.4056 ஐ அதற்குப் போட்டால் பெட்டரி கெடும். இன்னொரு தொல்லை, வோல்ட் கடைசிவரை ஒரே மட்டத்தில் நின்றுவிட்டுத் திடீரென விழும், ஆகவே நான் மேலே சொன்ன விடியற்கால வைத்தியம் இதற்குப் பலிக்காது. கூரையில் வெயில் சுடுகிற, பெட்டரி தினமும் ஏறி இறங்குகிற இடத்துக்கு இது முதல் தெரிவு. பண்டாரவளை, வெலிமடை, பதுளைக்காரர்கள் யோசிக்கலாம். வட்டவளைக்கு இதன் பெருமை எதுவும் பயன்படாது.

பெரிய பேனல் போடலாமே என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் அதற்கு முன் இருக்கிற பேனல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் தெற்கே திருப்பிச் சாய்த்து வை என்று சொல்கின்றன. அது அவர்கள் ஊருக்கு. நாம் இருப்பது 7 பாகை வடக்கில். ஏப்ரல் முதற் பாதியில் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே போய், ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கம் வரை அங்கேதான் நிற்கிறது. எங்கள் மழைக்காலம் முழுக்கச் சூரியன் வடக்கே, பேனல் தெற்கே! மூட்டத்தில் ஒளி வானம் முழுவதிலிருந்தும் வருகிறது, எனவே கிட்டத்தட்டப் படுக்கையாக வைப்பதே நல்லது. தண்ணீர் வழிய பத்துப் பதினைந்து பாகைச் சாய்வு, அதுவும் வடக்குப் பக்கம். மாமா வீட்டில் மார்கழியில்தான் வடகீழ் பருவ மழையும் மூட்டமும், அப்போது சூரியன் தெற்கே. அவருடையது தெற்கே பார்க்கட்டும். கடையில் வாங்கிய, காற்றுத் திசை காட்டியோடு ஒட்டிய பெட்டியைத் திருப்பினால் திசைக் கணக்கும் திரும்பிவிடும். சிலவற்றில் தென் அரைக்கோளம் என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை மாற்றுங்கள்.

வீட்டிலிருந்து வயர் இழுப்பது அடுத்தது. சுலபம் என்று தோன்றும். 15 மீட்டர் லேன் வயரில் ஒரு சோடியால் 5 வோல்ட் அனுப்பினால், 300 மில்லி அம்பியர் இழுக்கும்போது முக்கால் வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 வோல்ட் அனுப்பி அங்கே இறக்க வேண்டும். இறக்குவதற்கு 7805 இல்லை, சூடாக்கி வீணடிக்காத பக் மாற்றி. அப்புறம் மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி இறங்கும் நம் ஊரில், கூரையிலிருந்து வீட்டுக்குள் வரும் நீள வயர் ஓர் அழைப்பிதழ். கரண்டையும் நம்ப முடியாது: 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள், 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறையில் ஒரு குரங்கு நாட்டையே இருட்டாக்கியது. மரமும் கம்பியும் விழுகிற எங்கள் ஊரில் குரங்கு தேவையில்லை. வயர் இழுத்தாலும் நடுவில் ஒரு பெட்டரி வேண்டும், அப்படியென்றால் வயர் எதற்கு?

கடைசியாக யோசித்ததுதான் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அப்பா பெக்டரியில் இராக்காவல் பார்த்த காலத்தில் நீள டோச் லைட் வைத்திருந்தார். அதற்குப் போடும் பெரிய பெட்டரி (டி அளவு), அல்கலைன் வகை, குறைந்த ஓட்டத்தில் 12,000 மில்லி அம்பியர் மணி அளவுக்குத் தரும். நாலை வரிசையாகப் போட்டால் 6 வோல்ட், எச்.டி.7833 தாங்கும். நாளுக்கு 26 என்றால் 460 நாள். பேனல் வேண்டாம், சார்ஜர் வேண்டாம், பாசி துடைக்க வேண்டாம், பேனல் வயருக்காகப் பெட்டியில் ஓட்டை போட வேண்டாம். எங்கள் பெட்டிகளுக்குள் தண்ணீர் நுழைவதே அந்த ஓட்டையால்தான். நாளுக்குச் செலவு 264 ஆக இருந்தபோது இதைச் சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். அப்போது ஒன்றரை மாதத்தில் தீர்ந்திருக்கும். விலை குறைந்த சாதாரண வகை வேண்டாம், கொள்ளளவு நிறையக் குறைவு. அல்கலைனும் தீர்ந்தபின் உள்ளே கிடந்தால் கசியும், ஆகவே தீருமட்டும் காத்திருக்காமல் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும். சித்திரைப் புத்தாண்டு சரியான நாள். மே மழைக்கு முன் வருகிறது, மறக்கவும் மாட்டோம்.

கடையில் வாங்கிய பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தெரிவு கிடையாது, சுருக்கமாகச் சொல்கிறேன். டேவிஸ் வான்டேஜ் வகைகளில் பேனல் நிரப்புவது ஒரு சுப்பர் கபாசிட்டரை, சி.ஆர்.123 பெட்டரி துணைக்குத்தான், அது சார்ஜ் ஆகாத வகை. அதே அளவில் கிடைக்கும் சார்ஜ் வகையைப் போட்டுப் பார்க்காதீர்கள், வோல்ட் கூட. பென் பெட்டரி (ஏ.ஏ.) இரண்டு போடும் பெட்டிகளில், பேனல் பெட்டரியைச் சார்ஜ் செய்கிறதா இல்லையா என்று கையேட்டில் பாருங்கள். சார்ஜ் செய்வதென்றால் நிக்கல் வகை மட்டுமே. அல்கலைன் போட்டால் பொங்கிக் கசியும். சார்ஜ் செய்யாததென்றால் 1.5 வோல்ட் லித்தியம் பென் பெட்டரி. விலை கூட, ஆனால் குளிருக்கும் அசையாது, கசிவதும் அரிது. நிக்கல் வகைக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் சில பெட்டிகள் புதுப் பெட்டரிக்கே "தீர்ந்துவிட்டது" என்று காட்டும், பதற வேண்டாம்.

என் முடிவு இப்படி வந்தது. என் வீட்டுக் கூரையில் பழைய 18650 உம் பேனலும் அப்படியே இருக்கின்றன, பேனலை மட்டும் வடக்கே படுக்கவைத்தேன். ஏணி வைத்து ஏறிப் பார்க்க நான் இருக்கிறேன். அம்மாவின் லயத்துக்குப் பின்னால் இன்னொன்று வைத்தேன். அங்கே நாலு டோச் பெட்டரி, மூடிய பெட்டி, பக்கத்தில் ஒரு போத்தலில் புனல் வைத்த கைமழைமானி. பெட்டி என்ன சொன்னாலும் அம்மா காலையில் போத்தலில் அடிமட்டத்தை வைத்துத்தான் நம்புவார், அதுவும் நல்லதுதான். மாமாவுக்கு என்னிடம் மிஞ்சிய இரும்பு பொஸ்பேற்று பெட்டரியைச் சார்ஜரோடு கொடுத்தேன். அவருடைய வானிலைப் பெட்டி ஒழுங்காக ஓடுவதால் அதைத் தொடவில்லையாம். ரேடியோவுக்குப் போட்டிருக்கிறார்.